கோலார்ப் பீடபூமியில் குளிரும் கணப்பும்



தைக் குளிர் தரையைத் துளைக்கும், மாசிக் குளிர் மச்சைத் துளைக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. குளிரின் கடுமையைச் சொல்ல வந்த முன்னோர் கையையும் காலையும் கூறாமல், வீட்டின் தரையையும் மச்சையும் எடுத்துக் கூறியது சிந்திக்கத்தக்கது. குளிர் முதலில் வீட்டினுள் புகுந்து, அதன் பின்னரே அங்கு வாழும் மனிதனைத் தீண்டுகிறது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆதலால் ஒரு வட்டாரத்து மக்கள் பனிக்காலத்தை எவ்வாறு கழித்தனர் என்று அறிய விரும்புவோர், அவர்களுடைய வீடுகளையே முதலில் ஆராய வேண்டும். அத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற இடம் கோலார்ப் பீடபூமி. பல வகையான வீடுகளும், அவற்றுக்கு அடியில் உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றும், சில கல் தொலைவுக்குள் அமைந்த நிலம் அது.

பங்காருப்பேட்டைக்குத் தென்மேற்கே பூதிகோட்டை என்னும் ஊர் இருக்கிறது. பூதி என்பது சாம்பல். திருநீற்றுக்கும் அதுவே பெயர். இவ்வூரை வடமொழியில் விபூதிபுரம் என்று வழங்கினர். மைசூரை ஆண்ட ஐதர் அலி 1720-ஆம் ஆண்டை ஒட்டி இவ்வூரில் பிறந்தார் என்பதே இதன் சரித்திரப் பெருமை. இதற்குக் கிழக்கே கோலார் தங்கவயல். இந்தப் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 முதல் 900 மீட்டர் வரை உயர்ந்தது. பகலில் வெயில் காயும். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில், நிலம் பகலில் பெற்ற சூட்டை விரைவாக இழந்துவிடும். அண்டையிலுள்ள பெங்களூரில் 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி வெப்பநிலை 7.8 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கியது. இமயத்துக் குளிருக்கு முன் இது பெரிதன்று. ஆயினும் வெயிலுக்கென்றே கட்டிய வீட்டில் வாழ்பவனுக்கு இக்குளிர் போதிய துன்பம் தரும். பனிநாட்டு வீடு குளிரை எதிர்பார்த்துக் கட்டப்படுகிறது. நம் பீடபூமி வீடோ ஆண்டில் ஒன்பது மாதம் வெயிலுக்கும், மூன்று மாதம் குளிருக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்தது பழைய மண்வீடு. பீடபூமியின் சிற்றூர்களில் வசதியுள்ள குடியானவர்கள் கட்டிய பெரிய வீடுகளின் நடுவே முற்றம் இருக்கும். அதைச் சுற்றித் தாழ்வாரம். அதற்கு அப்பால் சிறிய அறைகள். மண்சுவர் முழங்கை நீளத்துக்கும் கூடுதலான கனம் கொண்டது. கனத்த சுவர் பகல் முழுவதும் வெயிலின் சூட்டை மெல்ல மெல்ல உள்வாங்குகிறது; அந்தச் சூடு உட்புறத்தை எட்டுவதற்குள் இரவு வந்துவிடுகிறது. வெயிற்காலத்துப் பகலில் வீடு தண்ணென்று இருப்பதற்கும், பனிக்காலத்து முன்னிரவில் வெதுவெதுப்பாக இருப்பதற்கும் காரணம் இந்தத் தாமதமே. மரச்சட்டங்களின் மீது மண் பரப்பிய மச்சு, சூடு மேலே போய்விடாமல் தடுத்தது. அடுப்பும், குளிக்க வெந்நீர் காய்ச்சும் செப்பு அண்டாவும் வீட்டினுள்ளேயே இருந்தன. பல வீடுகளில் மாடுகளையும் முன்கட்டிலேயே கட்டினர். அவற்றின் உடற்சூடும் வீட்டுக்கு உதவியது. இரவில் குடும்பத்தார் ஒரு சிற்றறையில் நெருங்கிப் படுத்து, குறும்பர் நெய்த கம்பளியைப் போர்த்துக்கொண்டனர். சூடான கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும் உள்ளிருந்து கதகதப்பைத் தந்தன. வீடு பெரிதாயினும், பனிக்காலத்தில் அதன் ஒரு மூலையில் மட்டும் வாழ்வதே இவர்கள் கண்ட வழி.

இவ்வழி தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு பெருநகரத்தின் குளிர்காலத்தைக் காட்டுகிறார். அங்கே மாளிகைகளில் வாழ்வோர் இரட்டைக் கதவுகளைத் தாழிட்டு அடைக்கின்றனர். விசிறிகளை மடக்கித் தொங்கவிடுகின்றனர். குளிர்ந்த நீரைப் பருகாமல், அகன்ற வாயுடைய தடவு என்னும் நெருப்புச்சட்டியைச் சூழ்ந்து அமர்கின்றனர். அதே பாட்டின் தொடக்கத்தில், வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்தில் ஒதுங்கிய கோவலர், கையில் கொள்ளியை ஏந்திக்கொண்டு பற்கள் கிட்டிக்க நடுங்குகின்றனர். மழையும் வாடையும் இரு சாராருக்கும் ஒன்றே. ஒருவருக்குக் கதவும் தடவும் உண்டு; மற்றவருக்கு ஒரு கொள்ளிக்கட்டை மட்டுமே. குளிர் எல்லார்க்கும் பொதுவாயினும் கணப்பு பொதுவன்று என்பதை அப்பெரும்புலவர் வெளிப்படக் கூறாமல், இரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தே உணர்த்திவிட்டார். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு இனித் தங்கவயலுக்குச் செல்வோம்.

1802-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வாரன் என்னும் நில அளவை அதிகாரி இப்பகுதியில் மக்கள் தங்கம் எடுத்து வந்ததைக் கண்டறிந்து எழுதினார். 1870-களில் லவேல் என்பவர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்ற பிறகு, தங்கவயல் ஒரு பெருநகரமாக வளர்ந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலில் தேர்ந்தவர்கள் வந்தனர். அவர்களுக்காகவும் மேலதிகாரிகளுக்காகவும் பங்களாக்கள் எழுந்தன. அகன்ற வராந்தா, உயர்ந்த மேற்கூரை, பெரிய கூடம், எதிரெதிரே சன்னல்கள் ஆகிய யாவும் வெயிலைக் கருதி அமைந்தவை. கூடத்தின் சுவரிலோ, சொந்த நாட்டு நினைவாகச் செங்கல்லால் கட்டிய ஒரு கணப்பு மாடம். அதற்கு மேலே ஓட்டைத் துளைத்து நிற்கும் புகைபோக்கி. வெப்ப நாட்டு உடலுக்குக் குளிர் நாட்டு இதயத்தைப் பொருத்தியதைப் போன்றது இவ்வமைப்பு.

கணப்பு என்னும் நம் சொல்லைச் சிறிது கவனிக்க வேண்டும். ஆங்கிலச் சொல் நெருப்பு எரியும் இடத்தைக் குறிக்கிறது. தமிழ்ச்சொல் நெருப்பிலிருந்து உடம்பு பெறும் சூட்டையும் சேர்த்துக் குறிக்கிறது. உடம்பு கணகணவென்று இருக்கிறது என்கிறோம் அல்லவா? மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும், பங்களாவில் இவை ஒன்றாக இருந்ததில்லை. நெருப்பு எரியும் இடம் இருந்தது. சூடுதான் அறையில் தங்கவில்லை.

இதற்குக் காரணம் எளியது. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே அறைக்குப் பயன்படுகிறது. எஞ்சியது புகையோடு மேலே சென்றுவிடும். மேலும், எரியும் நெருப்பு காற்றை இடைவிடாமல் இழுக்கிறது. அக்காற்று கதவிடுக்குகளின் வழியே வெளியிலிருந்து வர வேண்டும். ஆதலால் நெருப்பின் முன் அமர்ந்திருப்பவருக்கு முகம் சுடும், முதுகு சில்லிடும். சுடுகாற்று மேல்நோக்கிச் செல்லும் இயல்புடையது. 20 அடி நீளமும் 20 அடி அகலமும் 15 அடி உயரமும் கொண்ட கூடத்தில் 6,000 கன அடி காற்று அடங்கும். 10 அடிச் சதுரமும் 8 அடி உயரமும் உள்ள கிராமத்து அறையிலோ 800 கன அடிதான். ஏழு மடங்குக்கும் கூடுதலான காற்றைச் சூடாக்கினாலும், அச்சூடு ஓட்டுக்கு அடியில் போய்த் தங்குமேயன்றித் தரையில் இருப்பவரை எட்டாது.

இங்கிலாந்திலேயே இக்குறையை உணர்ந்தவர்கள் உண்டு. ரம்போர்டு பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்சன், 1790-களில் கணப்புகளைத் திருத்தியமைக்கும் முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். மாடத்தின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக்கி, புகைபோக்கியின் தொண்டையை ஒடுக்கினால், வெப்பம் அறையை நோக்கித் திரும்பும். புகை தடையின்றி மேலே செல்லும் என்று அவர் காட்டினார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்னரே அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் இரும்புக் கணப்பு ஒன்றை அமைத்திருந்தார். இத்திருத்தங்கள் எல்லாம் நெருப்பின் வீணான செலவைக் குறைத்தன. உயர்ந்த கூரையையும் இடுக்கு நிறைந்த கதவுகளையும் அவை என்ன செய்ய முடியும்?

ஆதலால் பெரிய வீட்டினர், நெருப்பை வளர்ப்பதைவிட வீட்டைச் சுருக்குவதையே நாளடைவில் கற்றுக்கொண்டனர். ஐரோப்பாவில் காது வைத்த உயர்முதுகு நாற்காலி தோன்றியது முதுகில் வீசும் குளிர்காற்றைத் தடுப்பதற்கே. கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரைச்சீலை, அறைக்குள் ஓர் அறையை உண்டாக்கியது. இந்தியப் பங்களாக்களில் ஓட்டுக்கு அடியில் கட்டிய துணி மேற்கட்டி, தூசியையும் பூச்சியையும் தடுப்பதோடு, கூரையின் உயரத்தையும் குறைத்தது. கற்பலகைத் தரையில் விரிப்பு. கதவில் கனத்த திரை. கூர்ந்து நோக்கினால், இவை யாவும் பூதிகோட்டையைப் போன்ற சிற்றூர்களின் குடியானவன் சிறு கதவாலும் தாழ்ந்த மச்சாலும் பெற்ற பயனைத் துணியாலும் மரத்தாலும் பெற முயன்ற முயற்சிகளே என்பது புலப்படும்.

இதே பாடத்தை நீலகிரியில் இன்னும் தெளிவாகக் காணலாம். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் உதகமண்டலத்தில் கல் பங்களா ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து அங்கு எழுந்த மாளிகைகளின் கணப்புகள் சோலை மரங்களைப் பெருமளவில் விழுங்கின. அவற்றின் அருகிலேயே தோடர்கள், வளைந்த மூங்கிலும் புல்லும் கொண்டு, தவழ்ந்து புகவேண்டிய அளவுக்குச் சிறிய வாயிலை உடைய குடில்களில் வாழ்ந்தனர். குனிந்து செல்லும் வாயில் வறுமையின் அடையாளமென்று வந்தவர்கள் எண்ணியிருக்கலாம். வெப்பத்தைக் காக்கும் கலையில் அது மாளிகையின் வாயிலைவிட மேலானது.

தங்கவயலில் கணப்பு எரிய விறகு வேண்டும். சவுக்கும் தைலமரமும் இவ்வட்டாரத்தில் விறகுக்காகப் பயிரிடப்பட்டன. விறகைப் பிளப்பதும், சுமந்து வருவதும், அதிகாலையில் சாம்பலை அள்ளுவதும், குளிக்க வெந்நீர் கொண்டு வருவதும் வேலையாட்களின் கடமை. பெரிய பழைய வீட்டின் வெதுவெதுப்பு என்பது, உண்மையில் பலருடைய கைகள் சேர்ந்து உண்டாக்கிய ஒன்று. அவர்கள் இரவில் திரும்பிச் சென்ற இடம் வேறு.

சுரங்கத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்கு வாய்த்தவை வரிசை வரிசையாக அமைந்த குடிசைகள்: மூங்கில் தட்டிச் சுவரும் மேலே தகரமும். தட்டிக்குக் கனமில்லை, ஆதலால் அது பகலின் சூட்டைச் சேர்த்து வைக்காது. தகரமோ தெளிந்த வானத்தின் கீழ் வெளிக்காற்றைவிடவும் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் அதன் அடிப்புறத்தில் நீர் துளிர்த்துச் சொட்டும். சொந்தக் கிராமத்து மண்சுவரை விட்டுத் தங்கம் விளையும் ஊருக்கு வந்தவர்கள், பனிக்காலத்தைப் பொறுத்தவரை முன்னிருந்ததைவிடத் தாழ்ந்த வீட்டையே பெற்றனர்.

இவர்கள் வேலை செய்த இடமோ குளிரே அறியாதது. பூமிக்குள் செல்லச் செல்லப் பாறையின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அதாவது, கடல்மட்டத்துக்கும் 2 கிலோமீட்டருக்குக் கீழே. அவ்வாழத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டியது. மனிதன் அங்கே உயிரோடிருந்து உழைப்பதற்காக, மேற்பரப்பில் காற்றைக் குளிரூட்டும் பெரிய இயந்திரங்களைக் காலப்போக்கில் நிறுவி, குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தினர். இதனால் விந்தையான ஒரு நிலை உண்டாயிற்று. மார்கழி இரவில் பங்களாவில் வெப்பத்துக்காக விறகு எரிந்தது. அதே ஊரில், அதே நேரத்தில், பூமியின் வெப்பத்தைத் தணிக்கப் பெரும் இயந்திரங்கள் ஓடின. சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்து வந்த அச்சாதனை அக்காலத்தில் வியந்து பேசப்பட்டது. அந்த மின்சாரத்தின் தலையாய வேலை சுரங்க இயந்திரங்களை இயக்குவதே.

இரவு முறை முடிந்து, வியர்வையில் நனைந்த துணியோடு மேலே வந்த தொழிலாளி, தை மாதத்து வாடையில் நடந்து தட்டிக் குடிசைக்குத் திரும்பினான். சில நிமிடங்களில் அவன் உடல் கடந்து வந்த வெப்ப வேறுபாடு, இமயத்துக்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் குறைந்ததன்று. பாறைத்தூசியால் உண்டாகும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இத்தொழிலாளரிடையே பரவியிருந்ததை 1940-களின் மருத்துவ ஆய்வுகள் உறுதி செய்தன. அத்தகைய நெஞ்சுக்குப் பனிக்காற்று எத்தகைய பகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எளியவர்களின் கணப்பு மண்சட்டியில் இட்ட கரிநெருப்பு. நக்கீரர் காலத்துத் தடவின் வழித்தோன்றல் அது. புகைபோக்கி இல்லாமையால் அதன் வெப்பம் முழுவதும் வீட்டிலேயே தங்கும். ஆயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. கரி எரியும்போது பிறக்கும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அடைத்த அறையில் உறங்குபவர் அறியாமலேயே அது உயிரைக் கவர்ந்துவிடும். நிலக்கரிச் சுரங்க விபத்துகளில் மாண்டோரில் மிகப் பலர் இவ்வாயுவாலேயே மாண்டனர் என்பதை 1896-இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேன் எடுத்துக்காட்டினார். சுரங்கத்தில் இவ்வாயுவை அறியச் சிறு பறவைகளைக் கொண்டு செல்லும் வழக்கமும் அவர் யோசனையால் வந்ததே. வெப்பத்தை வீணாக்கும் புகைபோக்கி நஞ்சையும் வெளியேற்றுகிறது. வெப்பத்தைக் காக்கும் நெருப்புச்சட்டி நஞ்சையும் காத்து வைக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணாமல் குளிர்காய்வது நன்றன்று.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தைத் தந்தபின், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைக்கும் பம்புகள் நின்றன. ஆழ்சுரங்கங்களில் நீர் நிரம்பியது. பங்களாக்கள் பல சிதைந்தன. ஆட்கள் நீங்கிய பெரிய வீட்டில் முதலில் கூரை போகிறது. கணப்பு மாடமும் புகைபோக்கியும் நெடுங்காலம் நிற்கின்றன.

நெதர்லாந்து நாட்டில் ஹீர்லன் என்னும் ஊரிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நீரால் நிரம்பின. 2008-ஆம் ஆண்டு முதல், ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்திலிருந்து 28 டிகிரி சூடுள்ள அந்நீரை எடுத்து, அவ்வூர்க் கட்டடங்களுக்கு வெப்பமூட்டப் பயன்படுத்தத் தொடங்கினர். ஒரு காலத்தில் தொழிலாளரை வாட்டிய ஆழத்து வெப்பம், இன்று அவர்களுடைய பேரர்களின் வீட்டுக்கு வருகிறது. கோலாரின் குளிர் நெதர்லாந்தின் குளிரன்று. அத்தகைய பெருஞ்செலவு இங்கே தேவைப்படாமலும் போகலாம். ஆனால், அந்தச் செயலில் உள்ள நியாயம் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

பெரிய பழைய வீடுகளில் இன்றும் வாழ்வோருக்கு இவ்வரலாறு கூறும் அறிவுரை மிக எளியது. பனிக்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்க முயல வேண்டாம். தெற்கு வெயில் விழும் ஓர் அறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பகலில் சன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடுங்கள். மாலை வெயில் தாழ்வதற்குள் அடைத்துவிடுங்கள். கதவிடுக்கைத் துணியால் மூடுங்கள். கல்தரையில் பாயோ கம்பளமோ விரியுங்கள். கூரை உயரமானால் மேற்கட்டி கட்டுங்கள். நெருப்பு எரியாத நாளில் புகைபோக்கியின் வாயை மூடி வையுங்கள். எரியும் நாளில் மறவாமல் திறந்து வையுங்கள். கரிநெருப்பை வைத்துக்கொண்டு உறங்கவே கூடாது.

இவை வீட்டுக்குரிய அறிவுரைகள். ஊருக்குரியது ஒன்று எஞ்சியிருக்கிறது. தங்கவயலில் தங்கத்துக்கோ, விறகுக்கோ, மின்சாரத்துக்கோ குறைவிருந்ததில்லை. பூமியின் அடியில் வெப்பத்துக்கும் குறைவிருந்ததில்லை. குறைவாக இருந்தவை ஒரு கனத்த சுவரும் ஒழுகாத கூரையுமே. தங்கத்தை வெட்டியெடுத்தவர்களின் பிள்ளைகள் இன்றும் அவ்வூரில் வாழ்கின்றனர். பங்களாக்களின் கணப்புகளைப் பழம்பொருளாகப் போற்றிக் காப்பவர்கள், அந்த லைன் வீடுகளின் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்களாக.